புதன்கிழமை ராத்திரி டாக்கோ

மெக்சிகன் கடைக்கு டாக்கோ சாப்பிடப் போவதென்றால் முதலில் பார்க்க வேண்டியது கிழமை. புதுச்சேரியில் வெள்ளி சாயங்காலத்திலிருந்து ஞாயிறு ராத்திரி வரை நல்ல சாப்பாட்டுக் கடை எதுவும் உள்ளூர்க்காரனுக்குக் கிடையாது. சென்னை வண்டியும் பெங்களூர் வண்டியும் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும். இடம் கிடைத்து உட்கார்ந்தாலும், பரிமாறுகிற பையனுக்கு நம்மிடம் இரண்டு வார்த்தை பேச நேரமிருக்காது. ஒன்றும் கேட்காமல் வாங்கிச் சாப்பிட இது என்ன இட்லியா? ஆகவே வார நாள்தான். அதிலும் எங்கள் வீட்டில் செவ்வாய் கவிச்சி கிடையாது. வியாழன் என் மனைவிக்கு சாய்பாபா விரதம். திங்களன்று பல கடைகள் கதவையே திறப்பதில்லை. கழித்துப் பார்த்தால் புதன் மிஞ்சுகிறது. உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கும், போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் சொல்ல நான் சமையல்காரன் இல்லை. லாஸ்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். புராஜெக்ட் பைண்டிங்குக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள்தான் ஈசிஆர் பக்கம் ஒரு மெக்சிகன் கடை திறந்திருக்கிறது என்று சொன்னார்கள். கேட்ட சூட்டில் ஒரு சனிக்கிழமை மச்சான் குடும்பத்தையும் சேர்த்து ஒன்பது பேராகக் கிளம்பினோம். வாசலில் முக்கால் மணி நேரம் நின்றோம். உள்ளே போனதும் பசியில் மெனுவைப் பார்க்காமல் நாச்சோஸ் மூன்று தட்டு, பரிட்டோ ஐந்து, எதற்கும் இருக்கட்டும் என்று பாஸ்தா இரண்டு. சிப்ஸ் மேல் மஞ்சளாகச் சீஸ் ஊற்றி வந்தது. எழுபத்து நாலு வயது அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, அப்பளத்து மேல பாலேட்ட ஊத்தி வச்சிருக்கான்" என்றது. நாலாயிரத்துக்கு மேல் பில். வீட்டுக்கு வந்து எல்லோரும் தயிர்சாதம் சாப்பிட்டோம்.

தப்பு கடையுடையது இல்லை, நாங்கள் போன விதத்தில் இருந்தது. அந்தச் சாப்பாடு பந்தி வைக்கிற சாப்பாடே இல்லை. மெக்சிகோவில் டாக்கோ என்பது பெரும்பாலும் தெருவோரத்தில் நின்றுகொண்டே இரண்டு, மூன்று என்று சூடாக வாங்கித் தின்பது. நாம் கொத்து புரோட்டாக் கடைக்கு எப்படிப் போவோமோ அப்படிப் போக வேண்டியது. பிறந்தநாள், கல்யாண நாள், மச்சினன் வந்திருக்கிறான் என்றெல்லாம் காரணம் வைத்துப் போகாதீர்கள். நாலு பேர் போதும். ஏழு, ஏழேகாலுக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். அந்த நேரத்தில் அடுப்படியில் வேலை நெருக்கடி இருக்காது, கேட்பதைச் செய்து தருவார்கள். ஒரு முக்கியமான விஷயம், ஐந்து மணிக்கு டீயோடு வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போகக் கூடாது. இதை என் மனைவியை உத்தேசித்துத்தான் எழுதுகிறேன்.

பெயர்களைப் பற்றிக் கூச்சப்படாதீர்கள். துய்மா வீதிப் பலகையில் பிரெஞ்சில் எழுதியிருப்பதன் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டுப் படிக்கிற ஊர் இது, நமக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா? ஸ்பானிய மொழியில் இரண்டு எல் சேர்ந்து வந்தால் மெக்சிகோக்காரர்கள் 'ய' என்பார்கள். அதனால் டோர்ட்டியா, கேசடியா. ஜே எழுத்து 'ஹ' ஆகிவிடும். ஹலப்பேன்யோ, ஃபஹீத்தா. நீங்கள் டார்டில்லா என்று சொன்னாலும் கொண்டுவந்து கொடுப்பார்கள், ஒன்றும் குடி முழுகிவிடாது.

மெனு ஆறு பக்கம் இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: டோர்ட்டியா என்ற மெல்லிய ரொட்டி. அதைக் கையளவில் சுட்டு நடுவில் கறியோ காயோ வைத்து மடித்தால் டாக்கோ. பெரியதாகச் சுட்டு, சோறு, பீன்ஸ் எல்லாம் வைத்து மூட்டை கட்டினால் பரிட்டோ. சீஸ் வைத்து மடித்துக் கல்லில் வாட்டினால் கேசடியா. சுருட்டி மேலே மிளகாய்க் குழம்பு ஊற்றினால் என்சிலாடா. தட்டையாகவே மொறுமொறுவென்று பொரித்து மேலே அடுக்கினால் டொஸ்டாடா. ஃபஹீத்தா என்றால் கறியும் குடைமிளகாயும் இரும்புத் தட்டில் புகையோடு வரும், ரொட்டி தனியாக வரும், நாமே மடித்துக்கொள்ள வேண்டும். இது தெரிந்துவிட்டால் ஆளுக்கு ஒரு பரிட்டோ சொல்லி வயிற்றை அடைத்துக்கொள்ள மாட்டீர்கள். எங்கள் மச்சான் அடைத்துக்கொண்டான்.

அப்புறம் அந்த நாச்சோஸ். எல்லை ஓரத்து பியத்ராஸ் நெக்ராஸ் என்ற ஊரில், 1940களின் தொடக்கத்தில், அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த பெண்களுக்காக இக்னாசியோ அனாயா என்பவர் கையில் இருந்ததை வைத்து அவசரத்துக்குச் செய்தது. இக்னாசியோவின் செல்லப் பெயர்தான் நாச்சோ. அவர் போட்டது மூன்றே பொருள்: பொரித்த டோர்ட்டியாத் துண்டு, சீஸ், ஹலப்பேன்யோ மிளகாய். இப்போது ஒரு தட்டில் சட்டி நிறைய என்னென்னவோ கொட்டித் தருகிறார்கள். பிள்ளைகள் கேட்டால் ஒரு தட்டு வாங்கிக் கொடுங்கள். அதை வைத்துக் கடையை எடை போடாதீர்கள்.

எடை போடக் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "தம்பி, டோர்ட்டியா சோளமா, மைதாவா?"

மைதா என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. வட மெக்சிகோவில் கோதுமை மாவு டோர்ட்டியாதான் வழக்கம், பரிட்டோவுக்கு அதுதான் சரி. ஆனால் டாக்கோவுக்கு மக்காச்சோளம். "ரெண்டும் இருக்கு சார், சோளம் இங்கயே தட்டுறோம்" என்று பையன் சொன்னால் நீங்கள் நல்ல இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். என்னிடம் பேசிய பையன் மணிப்பூர்க்காரன். கேள்வி புரியாமல் உள்ளே போய்ச் சமையல்காரரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவர் பாகூர். "வாங்கண்ணே" என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் பேசினார். புதன்கிழமை போவதன் லாபம் இதுதான்.

அவர் சொன்னதில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்த இடம் ஒன்று உண்டு. மக்காச்சோளத்தை அப்படியே அரைத்தால் மாவு கையில் ஒட்டி நிற்காது, உதிர்ந்துவிடும். அதனால் முத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிடுகிறார்கள். தோல் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். கழுவி அரைத்தால் மாவு பிசையப் பிசையச் சேர்ந்து வரும். மெக்சிகோப் பாட்டிமார்கள் இதை மூன்று கால் வைத்த கல்லில், குழவி மாதிரி ஒன்றைத் தள்ளித் தள்ளி அரைத்தார்கள். அந்தக் கல்லுக்கு மெட்டாத்தே என்று பெயர், நம் அம்மிக்கு அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு சேர்ப்பது மாவு சேர்ந்து வர மட்டுமில்லை. சோளத்தில் இருக்கும் நியாசின் என்ற வைட்டமின் அப்போதுதான் உடம்பில் ஒட்டும். ஐரோப்பாவுக்குச் சோளத்தைக் கொண்டுபோனவர்கள் இந்தச் சுண்ணாம்பு வித்தையைக் கொண்டுபோகவில்லை. சோளத்தையே மூன்று வேளையும் தின்ற இத்தாலி, ஸ்பெயின் ஏழைகளுக்குத் தோல் வெடித்துப் புத்தி பேதலிக்கும் பெல்லாக்ரா நோய் வந்தது. 2010இல் யுனெஸ்கோ மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது இந்தச் சுண்ணாம்பு வேலையையும் குறிப்பிட்டிருக்கிறது.

அம்மா தன் வெற்றிலைப் பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டது. "சுண்ணாம்பு போடலன்னா வெத்தல செவக்குமா?" என்றது, எங்கள் யாரையும் பார்க்காமல்.

சோள டோர்ட்டியா வந்ததும் முதலில் ஒரு விள்ளலை ஒன்றும் தொடாமல் சாப்பிட்டுப் பாருங்கள். மழை பெய்த மண் வாசமும் லேசாகச் சுண்ணாம்பு வாசமும் இருக்கும். நமக்கு மக்காச்சோளம் என்றால் பெரம்பலூர்ப் பக்கத்துக் கோழித் தீவனம், இல்லையென்றால் கடற்கரைச் சாலையில் சுட்டு மிளகாய்த்தூள் தடவித் தரும் கதிர். அந்த இரண்டு நினைப்பையும் ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். பிடிக்காவிட்டால் அடுத்த சுற்றுக்கு மைதாவே சொல்லுங்கள், தப்பில்லை.

சுற்று என்றேனே, அப்படித்தான் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆர்டர் செய்தால் ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் ஆறிப்போகும். நாங்கள் இரண்டாம் முறை போனபோது முதலில் குவாக்கமோலே மட்டும் சொன்னோம். மார்க்கெட்டில் பட்டர் ஃப்ரூட் என்று விற்கிறார்களே, கொடைக்கானல் கீழ்மலைப் பக்கத்திலிருந்து வருவது, அந்தப் பழத்தை மசித்து வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை, உப்பு. அவ்வளவுதான். அப்போதே மசித்தது என்றால் இளம்பச்சையாகக் கட்டி கட்டியாக இருக்கும். பழுப்பேறியிருந்தாலோ, மயோனைஸ் மாதிரி வழவழவென்றிருந்தாலோ அந்தக் கடையில் அதற்குமேல் அதிகம் எதிர்பார்க்காமல் சீஸ் கேசடியாவோடு முடித்துக்கொண்டு கிளம்பலாம். இன்னொன்று, எச்சில் சமாச்சாரம். ஒரே கிண்ணத்தில் நாலு பேர் சிப்ஸை முக்க வேண்டியிருக்கும். கடித்த சிப்ஸைத் திரும்ப முக்கினால் எங்கள் அம்மா எழுந்து போய்விடும். ஆளுக்கொரு சின்னத் தட்டும் ஒரு கரண்டியும் கேட்டு வாங்கிவிடுங்கள், கேட்டால் தருவார்கள்.

காரம். இதில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறோம். மிளகாய் பிறந்த நாடு ஆயிற்றே, நாக்கு எரியும் என்று பயந்துகொண்டே போவோம். போனால் சப்பென்றிருக்கும். ஹலப்பேன்யோ நம் பச்சை மிளகாயை விடச் சாதுவானது, பெரும்பாலும் ஊறுகாய் போட்டுத்தான் வரும். உடனே "கொஞ்சம் காரம் தூக்கலா" என்று சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். மிளகாய்த்தூளைத் தூவிக் கொண்டுவந்தார்கள், பச்சை வாசம் போகவில்லை. அதற்குப் பதில் "என்னென்ன சால்சா இருக்கு, எல்லாத்துலயும் கொஞ்சம் குடுங்க" என்று கேளுங்கள். சால்சா என்பது அவர்களுடைய சட்னி. நறுக்கின தக்காளி வெங்காயத்தோடு பச்சையாக வருவது பீக்கோ தே காயோ. புகை போட்டு உலர்த்திய ஹலப்பேன்யோவுக்குச் சிப்போட்லே என்று பெயர். அதில் அரைத்த சால்சாவில் அடுப்புக்கரி வாசம் அடிக்கும். பச்சை சால்சாவுக்கு அவர்கள் தொமாத்தியோ என்ற காயைப் போடுவார்கள். காகித உறை மூடிய காய் அது, நம் வரப்பில் காய்க்கிற சொடக்குத் தக்காளிக்குச் சொந்தக்காரன். பாகூர்க்காரர் அது இங்கே கிடைப்பதில்லை என்று நாட்டுத் தக்காளிக் காயைச் சுட்டு அரைக்கிறார். எனக்கு அதில் ஒரு புகாரும் இல்லை.

நாலாவதாக ஒரு கிண்ணத்தில் எண்ணெய் மிதக்க, கருஞ்சிவப்பாக ஒன்று வைத்தார்கள். சால்சா மாச்சா. வேராக்ரூஸ் பக்கத்துச் சரக்கு: காய்ந்த மிளகாய், பூண்டு, வேர்க்கடலையை எண்ணெயில் வறுத்துக் கொரகொரவென்று அரைத்தது. அம்மா விரலில் தொட்டு நக்கிவிட்டு, "இது மல்லாட்டைத் தொவையல்டா" என்றது. பண்ருட்டிப் பக்கம் பிறந்த யாரும் அதைத்தான் சொல்வார்கள். மல்லாட்டை என்பதே மணிலாக்கொட்டை தேய்ந்து வந்த சொல். மெக்சிகோவின் அகபுல்கோவிலிருந்து பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவுக்கு 1565 முதல் 1815 வரை இருநூற்றைம்பது வருஷம் ஸ்பெயின்காரன் கப்பல் விட்டான். அமெரிக்கக் கண்டத்துக் கடலை நம் செம்மண்ணுக்கு எந்த ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு வந்தது பாருங்கள். அந்தக் கிண்ணத்தை அம்மா அப்புறம் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டது.

சால்சாவை ருசி பார்த்து முடிப்பதற்குள் டாக்கோ சொல்லிவிடுங்கள். எதில் வேண்டும் என்பது வீட்டுக்கு வீடு மாறும், ஆனால் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அல் பாஸ்தோர் என்று போட்டிருந்தால் அது மெக்சிகோவில் பன்றிக்கறி. லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுபோன ஷவர்மாக் கம்பியில்தான் அந்தக் கறி சுழன்றது. நம் ஊரில் ஷவர்மா இல்லாத தெருமுனை ஏது, ஆகவே உருவம் பழக்கமாக இருக்கும். இங்கே சில இடங்களில் அதே பெயரில் கோழி போடுகிறார்கள். கோட்டக்குப்பத்து நண்பர் ஒருவரை அழைத்துப் போனபோது கேட்டுத் தெளிந்துகொண்டுதான் சொன்னேன். மாட்டுக்கறியும் அப்படித்தான், வெறும் 'மீட்' என்று எழுதியிருப்பார்கள்.

சைவக்காரர்கள் பீன்ஸ் விஷயத்தில் கேட்க வேண்டும். ரீஃப்ரைடு பீன்ஸ் என்பதற்கு இரண்டு தரம் வறுத்தது என்று அர்த்தமில்லை, நன்றாக வறுத்தது என்றுதான் அர்த்தம். அவித்த பீன்ஸை மசித்துக் கொழுப்பில் வதக்குவது. அந்தக் கொழுப்பு அங்கே வழக்கமாகப் பன்றிக் கொழுப்பு. இங்கே அநேகமாகக் கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோதான், இருந்தாலும் என் மகள் போன வருஷம் கறியை விட்டதிலிருந்து கேட்காமல் நான் சொல்வதில்லை. சிவப்புச் சோறு இருந்தால் அது கோழி வேகவைத்த தண்ணீரில் வெந்ததா என்றும் கேளுங்கள்.

மீன் டாக்கோவை நம்பிக் கேட்கலாம், கடலோர ஊர்தானே. மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் மாவில் தோய்த்துப் பொரித்த மீனும் முட்டைக்கோசும் வைத்துத் தருவது. ஆனால் என்ன மீன் என்று கேளுங்கள். 'பாசா' என்று பதில் வந்தால் அது ஐஸ் பெட்டி மீன். கொடுவா, வஞ்சிரம் என்றால் சொல்லலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக் காலம். பெரிய படகுகள் கரையில் கிடக்கும் அந்த அறுபத்தொரு நாளும் நான் காளான் டாக்கோதான் சொல்வேன்.

சாப்பிடும் விதம் ஒன்று இருக்கிறது. முள்கரண்டியைத் தள்ளி வையுங்கள். எலுமிச்சையைப் பிழிந்து, கட்டை விரலும் இரண்டு விரலுமாக ஒரே கையில் மடித்துப் பிடித்து, தட்டின் மேல் குனிந்து, தலையைச் சாய்த்துக் கடிக்க வேண்டும். டாக்கோவைச் சாய்த்தால் உள்ளே இருப்பது சட்டையில். இடது கை படாமல் சாப்பிட முடியுமா என்று அம்மா கவலைப்பட்டது. முடியும், சோள டாக்கோ அந்த அளவுக்குத்தான் இருக்கும். மூன்று கடியில் முடிந்துவிட வேண்டும்.

குடிக்க, ஓர்ச்சாட்டா இருந்தால் ஒன்று சொல்லிப் பாருங்கள். அரிசியை ஊறவைத்து அரைத்து வடிகட்டிப் பட்டையும் சர்க்கரையும் சேர்த்தது. இனிப்புப் போட்ட அரிசிப்பால், காரத்தை அமர்த்தும். நாங்கள் போகிற கடையில் அது சில நாள்தான் இருக்கிறது, இல்லாத நாள் எலுமிச்சை சோடா. மார்கரீட்டா குடிக்கிறவர்கள் குடித்துக்கொள்ளுங்கள், அதில் ஊற்றும் டெக்கீலா நம் ரயில் பாதை ஓரத்துக் கற்றாழை இருக்கிறதே, அந்த வகைச் செடியின் அடித்தண்டை வேகவைத்து இறக்கியது. நான் ஸ்கூட்டர் ஓட்ட வேண்டும்.

செலவு கேட்பீர்கள். அந்தப் புதன்கிழமை குவாக்கமோலே 260, கோழி டாக்கோ மூன்று 290, காளான் டாக்கோ மூன்று 260, பீன்ஸ் கேசடியா 270, சோடா இரண்டு 160, கடைசியில் சுரோஸ் 180. சுரோஸ் என்பது முறுக்குக் குழாயில் பிழிந்த மாதிரி நீளமாகப் பொரித்துச் சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவியது. ஆக 1,420, ஜிஎஸ்டி ஐந்து சதவீதம் 71, மொத்தம் 1,491. நாலு பேருக்கு வயிறு நிறைந்தது. பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு வரி இருந்தால் அது அரசாங்க வரி இல்லை, கட்டாயமும் இல்லை. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இலேயே சொல்லிவிட்டது. சண்டை போடாமல் "அத எடுத்துடுங்க தம்பி" என்றால் எடுத்துவிடுவார்கள். எடுத்த பணத்தில் ஒரு பங்கைப் பரிமாறின பையன் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.

பார்சல் கட்டுவதானால் பரிட்டோ மட்டும். டாக்கோ வீடு வந்து சேர்வதற்குள் ஊறிக் கந்தலாகிவிடும். மிஞ்சிய சால்சாவை விட்டுவிட்டு வராதீர்கள், டப்பாவில் போட்டுத் தரச் சொல்லுங்கள். நான் பச்சை சால்சாவை வாங்கி வந்து ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் தோசைக்கு அப்படியே தொட்டுக்கொள்ளலாம், ஒன்றும் செய்ய வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை போட்டுத் தாளித்து வைத்திருந்தாள்.